மியூவான்களும் பிரமிடின் வெற்றிடங்களும்: கேள்வி பதில்

கேள்வி: காஸ்மிக் கதிர்கள் கல்லுக்குள் மறைந்திருக்கும் வெற்றிடத்தை எவ்வாறு காட்டிக்கொடுக்கின்றன?

பதில்: விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்களாக வரும் புரோட்டான்கள் வளிமண்டலத்தில் மோதுவதால் உண்டாகும் துகள்கள் சிதைந்து, எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான மியூவான் என்னும் துகள்களாகின்றன. கடல்மட்டத்தில் ஒரு சதுர மீட்டரில் நிமிடத்துக்குச் சுமார் 10,000 மியூவான்கள் விழுகின்றன. அவற்றுள் ஆற்றல் மிக்கவை நூற்றுக்கணக்கான மீட்டர் பாறையையும் ஊடுருவும். வழியில் கல் குறைந்தால் தப்பி வருபவை கூடும். ஆகவே, எத்திசையிலிருந்து எத்தனை வருகின்றன என்று பதிவு செய்து, முழுவதும் கல்லாக இருந்தால் வரவேண்டிய எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், மிகுதி தெரியும் திசையில் வெற்றிடம் இருப்பதாகக் கொள்ளலாம்.

கேள்வி: எக்ஸ் கதிரைப் பயன்படுத்தக் கூடாதா?

பதில்: அது அத்தனை தடிமனான கல்லைக் கடக்காது.

கேள்வி: தொல்லியலில் இதை முதலில் முயன்றவர் யார்?

பதில்: இயற்பியலாளர் லூயிஸ் ஆல்வாரெஸ். 1960களின் பிற்பகுதியில் எகிப்தின் கீசாவிலுள்ள காஃப்ரே பிரமிடின் அடியிலுள்ள அறையில் கருவியை நிறுவிய அவரது குழு, பிரமிடின் கன அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை ஆராய்ந்து, அப்பகுதியில் அறை ஏதும் இல்லை என்று 1970இல் அறிவித்தது. இதைத் தோல்வி என்று எழுதுவோர் உண்டு, நான் உடன்படமாட்டேன். ஒரு கல்லையும் பெயர்க்காமல் ‘இங்கே இல்லை’ என்று சொல்ல முடிந்ததே பெரிய செய்தி.

கேள்வி: கீசாவின் பெரிய பிரமிடான கூஃபு பிரமிடில் 2017இல் கண்டது புதையல் அறையா?

பதில்: அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. பிரமிடுக்குள் உள்ள உயரமான சாய்வு நடைவழியான பெருங்கூடத்துக்கு மேலே குறைந்தது 30 மீட்டர் நீளமுள்ள வெற்றிடம் இருப்பதை அணுக்குழம்புப் படலம் (துகளின் தடத்தைப் பதிக்கும் ஒளிப்படப் படலம் போன்றது), ஒளிர்மி (துகள் பட்டால் ஒளிரும் பொருள்), வாயுக் கருவி (துகள் வாயுவைக் கடப்பதை உணர்வது) ஆகிய மூன்று வெவ்வேறு முறைகளும் காட்டியதால், அது இருப்பதை நான் ஐயப்படவில்லை. ஆனால் மியூவான் பொருளின் குறைவை மட்டுமே காட்டும். அது அறையா, பளுவைக் குறைக்க விடப்பட்ட இடைவெளியா என்பதைச் சொல்லாது. வடமுகத்தில் நிலைமை வேறு: மியூவான்கள் சுட்டிய சுமார் 9 மீட்டர் நீள நடைவழிக்குள், கல் இடுக்கு வழியே மெல்லிய எண்டோஸ்கோப்பை (குழாய் முனைக் கேமராவை) செலுத்திப் பார்த்து, 2023இல் படத்தோடு உறுதிசெய்தார்கள்.

கேள்வி: கருவியைத் தரையில் வைத்துக் கீழே புதைந்தவற்றைக் காண இயலுமா?

பதில்: இயலாது. மியூவான்கள் மேலிருந்தே வருவதால், தேடும் இடத்துக்குக் கீழேயோ பக்கவாட்டில் தாழ்வாகவோ கருவி இருக்க வேண்டும். நேப்பிள்ஸ் நகரின் அடியில் புதைந்த பண்டைய கிரேக்கர் கல்லறை அறை ஒன்றை, அதைவிட ஆழமான நிலவறையில் அணுக்குழம்புப் படலங்களை வைத்தே கண்டார்கள். அத்தகைய இடம் கிடைக்காவிட்டால், துளையிட்டுக் கருவியை இறக்க வேண்டியிருக்கும். பல தொல்லியல் களங்களில் அதற்கு அனுமதி பெறுவது அரிது.