பெனிசிலின் ஊசி போட்டதும் குதிரை மிரண்டு விழுந்துச்சு, இது அலர்ஜியா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்க பெண் குதிரைக்கு 8 வயசு, எடை 300 கிலோ பக்கம் இருக்கும். முள்கம்பியில மாட்டி பின்னங்கால் ஆழமா கிழிஞ்சிருச்சு. பார்த்த டாக்டர் புரோகெயின் பெனிசிலின் காலையும் சாயங்காலமும் 7 நாளைக்கு போடச் சொன்னார். முதல் ரெண்டு நாள் அவர் போட்டார், அப்புறம் என் தம்பி போட்டான். எப்பவும் வலது பக்க கழுத்துலதான் போடுவோம், அந்தப் பக்கம்னாதான் நிக்கும். 5வது நாள் காலையில ஊசியை உருவுறதுக்குள்ள மூக்கால ஒரு மாதிரி சீறுச்சு, கண்ணு வெளிய வந்த மாதிரி ஆயிருச்சு, பின்னாடியே ஓடி சுவத்துல மோதி கீழ விழுந்து காலை உதைச்சுது. செத்துருச்சுன்னே நினைச்சோம். அஞ்சு நிமிஷத்துல எந்திருச்சு நின்னுச்சு, உடம்பெல்லாம் வேர்வை, நடுக்கம். அரை மணி நேரத்துல புல்லு தின்ன ஆரம்பிச்சிருச்சு. தடிப்பு எதுவும் வரல. இது பெனிசிலின் அலர்ஜியா? இனிமே போடவே கூடாதா? மாட்டுக்கு வாங்கின வேற ஆன்டிபயாடிக் ஊசி வீட்ல இருக்கு, அதை போட்டு கோர்ஸை முடிச்சிடலாமா? இன்னொன்னு, நேத்துல இருந்து லத்தி கொஞ்சம் இளகலா போகுது.

பதில்: வணக்கம்ங்க. உங்களுக்கும் தம்பிக்கும் அடி எதுவும் படலையே, அதுதான் முதல் நிம்மதி. அந்த நேரத்துல குதிரைக்கு பக்கத்துல யார் இருக்காங்கன்னே தெரியாது, ஆளை மிதிச்சிரும்.

நீங்க எழுதினதை வச்சு பார்த்தா இது அலர்ஜி மாதிரி தெரியல, புரோகெயின் ரியாக்ஷன் மாதிரிதான் இருக்கு. ரெண்டும் வேற வேற, ஆனா நிறைய பேர் ரெண்டையும் ஒண்ணா போட்டு "எங்க குதிரைக்கு பெனிசிலின் ஆகாது"ன்னு முடிவு கட்டிடறாங்க, அப்புறம் என்னைக்காவது உயிரைக் காப்பாத்த பெனிசிலின் தேவைப்படும்போது அதை போட முடியாம போயிருது. அதனால இதை கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன்.

பெனிசிலினை அப்படியே போட்டா கொஞ்ச நேரத்துல சிறுநீர்ல வெளிய போயிரும். உடம்புல நின்னு மெதுவா வேலை செய்யணும்னு அதை புரோகெயினோட சேர்த்து செய்றாங்க, அதனாலதான் அந்த மருந்து பால் மாதிரி வெள்ளையா இருக்கு. புரோகெயின்ங்கிறது மரத்துப்போக வைக்கிற மருந்து. சதையில இருந்து கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சா ஒண்ணும் ஆகாது, குதிரை ரத்தத்துல இருக்குற என்சைமே அதை உடைச்சிரும். ஆனா ஒரே நேரத்துல நிறைய புரோகெயின் ரத்தத்துக்குள்ள போச்சுன்னா நேரா மூளைக்குப் போய் அதை உசுப்பி விட்டுரும், அதுதான் அந்த சீறல், கண்ணு மிரளல், பின்னாடி ஓடுறது, விழுந்து உதைக்கிறது எல்லாம். ஊசி போட்ட சில செகண்டுல, இல்ல சில நிமிஷத்துல ஆரம்பிக்கும், என்சைம் உடைக்க உடைக்க தெளிஞ்சிரும். உங்க குதிரை அஞ்சு நிமிஷத்துல எந்திருச்சு அரை மணி நேரத்துல தீனி எடுத்துச்சுன்னா காரணம் அதுதான். அதுக்காக லேசா எடுத்துக்காதீங்க, இதுல செத்துப்போற குதிரையும் உண்டு, மிரண்டு ஓடி தலையில அடிபட்டு, காலை ஒடிச்சுக்கிட்டு போறதும் உண்டு.

நிஜமான அலர்ஜி வேற மாதிரி வரும். உடம்பெல்லாம் தடிப்பு தடிப்பா எழும்பும், உதடு, கண் இமை, மூக்கு வீங்கும், மூச்சு விட திணறும், ஈறு வெளுத்துப்போகும், தள்ளாடி உக்காந்துரும். சில நிமிஷத்துலயும் வரலாம், கொஞ்ச நேரம் கழிச்சும் வரலாம், ஆனா அது தானா அஞ்சு நிமிஷத்துல சரியாகாது. அதுக்கு உடனே அட்ரினலின் போடணும், தாமதமானா போயிரும். புரோகெயின் ரியாக்ஷனுக்கு அட்ரினலின் மருந்து இல்ல. அலர்ஜி வந்த குதிரைக்கு பெனிசிலின் எந்த வடிவத்துலயும் இனிமே போடக்கூடாது. புரோகெயின் ரியாக்ஷன் வந்த குதிரைக்கு புரோகெயின் கலந்ததை மட்டும் நிறுத்தினா போதும், தேவைப்பட்டா புரோகெயின் இல்லாத சோடியம் இல்ல பொட்டாசியம் பெனிசிலினை டாக்டர் ரத்தக்குழாய்ல மெதுவா கொடுப்பார். ஆனா இது எதுன்னு கடைசியா சொல்ல வேண்டியது நேர்ல பார்க்குற டாக்டர்தான், அன்னைக்கு நடந்ததை எனக்கு எழுதின மாதிரியே ஒண்ணு விடாம அவர்கிட்ட சொல்லுங்க.

சரி, நாலு நாள் ஒண்ணும் ஆகாம 5வது நாள் ஏன் வந்துச்சு? அது உங்க கேள்விலயே இருக்கு. எட்டு ஊசி ஒரே பக்க கழுத்துல போட்டிருக்கீங்க. ஒரே சதையில திரும்பத் திரும்ப குத்தினா அந்த இடம் புண்ணாகி ரத்த ஓட்டம் அதிகமாகும், சின்னச் சின்ன ரத்தக்குழாய் கிழியும், மருந்து அதுக்குள்ள ஈஸியா போயிரும். அதனாலதான் இந்த ரியாக்ஷன் பல தடவை போட்ட பிறகு அதிகமா வருது. அளவையும் யோசிச்சுப் பாருங்க, வழக்கமா கிலோவுக்கு 22,000 யூனிட்னு கணக்கு போடுவோம், 300 கிலோ குதிரைக்கு 66 லட்சம் யூனிட், ஒரு மில்லியில 3 லட்சம் யூனிட் இருக்குற மருந்துன்னா 22 மில்லி வருது. இவ்வளவையும் ஒரே இடத்துல இறக்கக்கூடாது, ரெண்டு இடமா பிரிக்கணும், இந்த வேளை வலது கழுத்துன்னா அடுத்த வேளை இடது, அதுக்கடுத்து பின்தொடையோட பின்பக்க சதைன்னு மாத்திக்கிட்டே இருக்கணும்.

பாட்டிலை எங்க வச்சிருந்தீங்கன்னு நீங்க சொல்லல. வெயில் படுற ஜன்னல்லயோ வண்டிக்குள்ளயோ வச்சிருந்தா அதுவும் ஒரு காரணம், சூடு ஏற ஏற மருந்துல கரைஞ்சு நிக்கிற புரோகெயின் கூடும், அப்ப குத்தின உடனே ரத்தத்துல ஏற ரெடியா இருக்கும். ஃப்ரிட்ஜ்ல, ஃப்ரீசர்ல இல்ல, வச்சு எடுத்து நல்லா குலுக்கிட்டு போடணும்.

தம்பியை திட்டாதீங்க. நீடிலை மட்டும் முதல்ல குத்தி ரத்தம் சொட்டுதான்னு பார்த்து, அப்புறம் சிரிஞ்சை மாட்டி பின்னாடி இழுத்துப் பார்த்து, குதிரை அசைஞ்சா திரும்பவும் இழுத்துப் பார்த்து, மெதுவா அமுக்கணும். இதெல்லாம் செஞ்சா ஆபத்து நல்லாவே குறையும், ஆனா பூஜ்யம் ஆகாது. நானே இழுத்துப் பார்த்து ரத்தம் வரலன்னு உறுதி பண்ணிட்டு போட்ட ஊசியில ஒரு ஆண் குதிரை மிரண்டு கதவை இடிச்சுக்கிட்டு போயிருக்கு, அந்த சத்தம் இன்னைக்கும் காதுல இருக்கு. அன்னையில இருந்து எந்தக் குதிரைக்கு ஊசி போட்டாலும், எனக்கும் பிடிக்கிறவங்களுக்கும் வெளிய போக வழி இருக்கான்னு பார்த்துட்டுதான் நீடிலையே கையில எடுப்பேன். மறுபடி எப்பவாவது இப்படி நடந்தா கயித்தைப் பிடிச்சு அடக்கப் பார்க்காதீங்க, விட்டுட்டு வெளிய வந்து சத்தம் போடாம நில்லுங்க, தெளியற வரைக்கும் கிட்ட போகாதீங்க.

இன்னொன்னு கேக்கணும், சமீபத்துல உண்ணிக்கோ ஈக்கோ மருந்து அடிச்சீங்களா? ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துன்னா புரோகெயினை உடைக்கிற என்சைமையே அது அடக்கி வச்சிரும். அடிச்சிருந்தா டப்பாவோட கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டுங்க.

இப்ப மாட்டு ஊசிக்கு வர்றேன். தயவு செஞ்சு அதை தொடாதீங்க. மாட்டுக்கு நல்லா கேக்குற மருந்து குதிரையை கொன்னுரும், இதை பயமுறுத்த சொல்லல. டில்மிகோசின்னு ஒரு மருந்து மாட்டுக்கு சளிக்காய்ச்சலுக்கு போடுவாங்க, குதிரைக்கு அது உயிருக்கே ஆபத்து, தவறி மனுஷங்க கையில குத்திக்கிட்டா கூட ஆபத்து. லின்கோமைசின், கிளிண்டாமைசின் குதிரைக்கு கொடுக்கவே கூடாது, குடல் வெந்து பேதியாகி செத்துரும். பாட்டில்ல என்ன பேர் போட்டிருந்தாலும் சரி, குதிரைக்குன்னு டாக்டர் எழுதிக் கொடுக்காததை போடாதீங்க.

நீங்க கடைசியில போற போக்குல எழுதின அந்த இளகல் லத்திதான் எனக்கு இப்ப பெரிய கவலை. மாட்டுக்கு இருக்குற மாதிரி அசைபோடுற பெரிய முன்வயிறு குதிரைக்கு இல்ல, நார்ச்சத்தை செரிக்கிற கிருமிங்க எல்லாம் பின்குடல்லதான் இருக்கு. ஆன்டிபயாடிக்கை ஊசியா போட்டாலும் ஒரு பங்கு குடலுக்குப் போகும், நல்ல கிருமி செத்து அந்த இடத்தை கிளாஸ்ட்ரிடியம், சால்மொனெல்லா மாதிரி கெட்டது பிடிச்சுக்கும். கோர்ஸ் ஆரம்பிச்ச சில நாள்லயோ நிறுத்தின பிறகோ வரும். பெனிசிலின்ல மத்ததை விட கம்மிதான், ஆனா வராதுன்னு சொல்ல முடியாது. மிரண்டு விழுந்த அதிர்ச்சியில ஒரு நாள் இளகலா போயிருக்கவும் வாய்ப்பு இருக்கு, ஆனா அப்படின்னு நாமளா நினைச்சுக்கிட்டு சும்மா இருக்கக்கூடாது.

அதனால டாக்டர் வந்து பார்க்குற வரைக்கும் ஆன்டிபயாடிக் எதையும் போடாதீங்க. தானியத் தீவனத்தை நிறுத்திட்டு நல்ல காய்ஞ்ச புல் மட்டும் போடுங்க. ரெண்டு வாளி தண்ணி வைங்க, ஒண்ணு வெறும் தண்ணி, ஒண்ணுல எலக்ட்ரோலைட். மனுஷங்க பேதிக்கு போடுற மாத்திரை எதையும் கொடுக்காதீங்க. லத்தி அள்ளினா கையை சோப்பு போட்டு கழுவுங்க, சால்மொனெல்லாவா இருந்தா உங்களுக்கும் ஒட்டும், மத்த குதிரை இருந்தா இதை தனியா கட்டுங்க.

காயத்தையும் மறந்துடாதீங்க. முள்கம்பி கிழிச்ச காயம், குதிரைக்கு டெட்டனஸ் மத்த பிராணியை விட சுலபமா வரும், பெனிசிலின் போட்டதால அது வராதுன்னு நினைக்க வேண்டாம். டெட்டனஸ் தடுப்பூசி (டிடி) போட்டாச்சான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. கழுத்துல குத்தின இடத்தையும் தடவிப் பாருங்க, வீங்கி சூடா இருந்தாலோ, அமுக்கினா உள்ள காத்து நொறுங்குற மாதிரி இருந்தாலோ அதுவும் அவசரம்தான்.

இன்னைக்கு சாயங்காலம் ஆசனவாய்ல தெர்மாமீட்டர் வச்சு ஜுரம் பாருங்க, 37.5ல இருந்து 38.5 டிகிரி செல்சியஸ் வரை சரி, அதாவது பாரன்ஹீட்ல 99.5 முதல் 101.3. நாடி நிமிஷத்துக்கு 28ல இருந்து 44க்குள்ள இருக்கணும். ஜுரம் அதைத் தாண்டினாலோ, சும்மா நிக்கும்போதே நாடி 60 போனாலோ, லத்தி தண்ணியா பீச்சினாலோ, ஈறு செங்கல் கலருக்கு மாறினாலோ, குளம்பு சூடா இருந்து நடக்க யோசிச்சாலோ விடியட்டும்னு காத்திருக்காதீங்க, ராத்திரியே டாக்டரை கூப்பிடுங்க.