உயிர்த்தெழுதலை நம்பும் கிறிஸ்தவர்கள், வேண்டியவர் இறந்தால் ஏன் அழுகிறார்கள்? அந்த நம்பிக்கை உண்மையிலேயே உதவுகிறதா?

இதே கேள்வியை அம்மா இறந்த அன்று என் சொந்தக்காரர்களே வேறு விதமாகக் கேட்டார்கள்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதுகொண்டிருந்தேன். பெரியம்மா ஒருவர் தோளைப் பிடித்து, "அழக் கூடாதய்யா, அம்மா ஆண்டவரிடம் சந்தோஷமாக இருக்கிறாள். வந்திருக்கிறவர்களுக்கு முன்னால் நாம் சாட்சியாக இருக்க வேண்டாமா?" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு வந்ததோ கோபம்.

அவர் மனதில் இருந்த வசனம் எனக்கும் தெரியும். நித்திரையடைந்தவர்களுக்காக, அதாவது இறந்தவர்களுக்காக, நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்று அப்போஸ்தலர் பவுல் தெசலோனிக்கே சபையாருக்கு எழுதியது. 'மற்றவர்களைப்போல' என்பதை விழுங்கிவிட்டு மீதியை மட்டும் துக்க வீடுகளில் சொல்லிப் பழகிவிட்டோம்.

யோவான் 11-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். இறந்து கல்லறையில் கிடக்கும் நண்பன் லாசரு இன்னும் சற்று நேரத்தில் எழுந்து வரப்போகிறான் என்று இயேசுவுக்குத் தெரியும். தெரிந்தும் கண்ணீர் விட்டார். லாசருவின் சகோதரி மார்த்தாளை எனக்கு இன்னும் அதிகமாகப் பிடிக்கும். கடைசி நாளில் தன் சகோதரன் எழுந்திருப்பான் என்று பிசகில்லாமல் சொன்னவள், கல்லறையை மூடிய கல்லை இயேசு எடுத்துப்போடச் சொன்னதும், "இப்பொழுது நாறுமே, நாலுநாளாயிற்றே" என்கிறாள். இரண்டையும் சொன்னது ஒரே வாய்.

உதவுகிறதா என்றால், உடனே உதவவில்லை. ஐயர் (எங்கள் பக்கம் குருவானவரை அப்படித்தான் அழைப்போம்) ஜெபித்து முடித்ததும் பிடி மண் போட்டுவிட்டு வந்தேன். அப்போது ஆறுதலாக எதுவும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் அடுப்படியில் அந்தத் தூக்குச்சட்டியைப் பார்த்தேன். ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனியே போட்டு வைத்து, சேர்ந்ததைக் கோயிலில் (சர்ச்சில்) கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். பிடியரிசிக் காணிக்கை என்பார்கள். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் யாரும் அதைத் தொடவில்லை. அரிசியில் வண்டு விழுந்திருந்தது. சுளகில் கொட்டிப் புடைக்க உட்கார்ந்தேன். எனக்குச் சரியாகப் புடைக்கவும் தெரியாது. ஒவ்வொரு பிடியும் அந்தக் கை அள்ளியது என்று அப்போதுதான் உறைத்தது. வலது மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த தழும்பு உள்ள கை.

'ஆத்துமா எங்கோ நிம்மதியாக இருக்கிறது' என்ற பேச்சு எனக்குப் போதவில்லை. எனக்கு வேண்டியது அந்தக் கை. சிறுவயதிலிருந்து ஞாயிறுதோறும் ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் 'சரீரம் உயிர்த்தெழுதலும்' என்று ஒப்பித்து வந்திருக்கிறேன். சரீரம் என்ற சொல் அந்த வாரம்தான் காதில் விழுந்தது. உயிர்த்தெழுந்த இயேசு, நம்ப மறுத்த சீடன் தோமாவுக்குக் காட்டியதும் காயம்பட்ட கைகளைத்தானே? காயத்தின் அடையாளம் போகவில்லை. அப்படியானால் அம்மாவின் தழும்பும் இருக்கலாம். இது இறையியல்படி சரியா என்று யாரிடமும் கேட்கவில்லை, கேட்கவும் போவதில்லை.

அதன் பிறகும் அழுதேன், இப்போதும் அழுகிறேன். பெரியம்மாவின் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். எல்லா ஞாயிறும் அந்த வரியை நம்பிச் சொல்ல முடிகிறது என்றும் சொல்லமாட்டேன். சில வாரங்களில் அந்த இடம் வந்ததும் தொண்டை அடைத்துக்கொள்கிறது. பக்கத்தில் நிற்கும் அப்பா, அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறார்.