நாலு பேர் பராமரிக்கும் ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட்டுக்கு எந்த கோட் ரிவ்யூ கருவி (ஒருவர் எழுதிய கோடைச் சேர்க்கும் முன் மற்றவர்கள் படித்துப் பார்ப்பதற்கானது) சரியாக இருக்கும்?

நாலு பேருக்கும் பகலில் வேறு வேலை, ரிவ்யூ ராத்திரியில்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் கோட் இப்போது எங்கே இருக்கிறதோ, கிட்ஹப்போ கிட்லேபோ, ரிவ்யூவும் அங்கேயே நடக்கட்டும். தனியாக ஒன்றை நிறுவாதீர்கள். நான் நிறுவிப் பட்டவன்.

சப்டைட்டில் நேரத்தைச் சரிசெய்யும் ஒரு சின்ன லைப்ரரியை மூன்று பேராகப் பராமரிக்கிறோம். புல் ரிக்வெஸ்ட்டில், அதாவது திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கையில், ஒருவர் ஃபோர்ஸ் புஷ் செய்தால் (முன்பு அனுப்பியதன் மேலேயே மாற்றி எழுதினால்) பழைய கமெண்ட்டெல்லாம் 'அவுட்டேட்டட்' என்று மடங்கிக்கொள்ளும். எதைத் திருத்தினார், எதை விட்டார் என்று தேடியே அலுத்துப்போய், ஜெரிட் என்ற தனி ரிவ்யூ கருவிக்கு மாறலாம் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான். அதில் ஒரே திருத்தத்தின் இரண்டாவது பேட்ச்செட்டுக்கும் (பதிப்புக்கும்) மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் தனியாகப் பார்க்கலாம். எங்கள் மூவருக்கும் ரொம்பப் பிடித்துப்போனது.

அப்புறம் ஒரு மாணவி வந்தார். நாங்கள் இரண்டு வருடமாகத் தொடாத ஒரு பிழையைப் பதினோரு வரியில் சரிசெய்திருந்தார். புஷ் செய்தால், கமிட் (பதிவு செய்த மாற்றம்) செய்தியில் சேஞ்ச்-ஐடி என்ற அடையாளக் குறி இல்லை என்று ஜெரிட் தள்ளிவிட்டது. அந்த ஐடியைத் தானே சேர்க்கும் ஹூக் என்ற சின்ன ஸ்கிரிப்ட்டை இறக்கிப் போட்டுக்கொண்டு பழைய கமிட்டையே அமெண்ட் செய்ய (திருத்தி எழுத) வேண்டும். அவர் அதன்மேல் இன்னொரு கமிட் போட்டார். முதல் கமிட்டில் ஐடி இல்லையே, மறுபடியும் அதே பிழைச்செய்தி. மூன்றாம் நாள் திருத்தத்தை மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பிவிட்டு, "எனக்கு இது சரியாக வரவில்லை, மன்னிக்கவும்" என்று எழுதியிருந்தார். மன்னிப்பு கேட்க வேண்டியவர்கள் நாங்கள். கேட்டோம், அவர் திரும்பி வரவில்லை. ஆறு மாதத்தில் கிட்ஹப்புக்கே போய்விட்டோம்.

ஜெரிட்டைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆண்ட்ராய்ட், குரோமியம் மாதிரி ரிவ்யூவுக்கென்றே ஆட்கள் இருந்தால் நானும் அதைத்தான் எடுப்பேன். லினக்ஸ் கெர்னலில் இன்றும் பேட்ச் (திருத்தம்) மின்னஞ்சலில்தான் போகிறது, அதுவும் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் கருவி நின்றுபோனால் பழைய ரிவ்யூ பேச்செல்லாம் என்னாகும் என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். ஃபேப்ரிகேட்டர் என்ற ரிவ்யூ கருவியின் பராமரிப்பு 2021-இல் நின்றது. அதைப் பயன்படுத்திய எல்எல்விஎம் (கம்பைலர் கருவிகள்) போன்ற பெரிய புராஜெக்ட்டே 2023-இல் கிட்ஹப் புல் ரிக்வெஸ்ட்டுக்கு மாற வேண்டிவந்தது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் லைப்ரரியைத் தன் தயாரிப்புக்குள் வைத்து விற்கும் ஒரு நிறுவனம், 'அவசரம்' என்று வாரம் தவறாமல் பிழை அறிக்கை போடுகிறது. ரிவ்யூவுக்குக் காத்திருக்கும் ஏழு பேட்ச்சில் ஒன்றையாவது உங்கள் ஆட்கள் படித்துப் பார்க்கட்டுமே என்று இரண்டு முறை கேட்டுவிட்டேன். பதில் இல்லை. போன வாரமும் ஓர் 'அவசரம்' வந்தது. அந்த ஏழும் அப்படியே கிடக்கின்றன.