எழுதிக் கொடுத்தவனே சொல்கிறேன்

கம்பெனிகள் வெளியிடும் சமூகப் பொறுப்பு அறிக்கைகள் துறைக்குத் துறை, நாட்டுக்கு நாடு ஏன் மாறுகின்றன, அவற்றை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காலேஜ் வேலைக்காகக் கேட்கிறீர்கள் போலிருக்கிறது. நான் பெரிய படிப்பாளி இல்லை, மலேசியாவில் பகாவ் ஊர்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், அதாவது பாமாயில் எடுக்கும் தோட்டத்தில், 22 வருஷம் கிராணியாக, அதாவது ஆபிஸ் குமாஸ்தாவாக, இருந்தவன்.

இந்தியாவில் 2013 கம்பெனிச் சட்டம், பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும் என்கிறது. இங்கே மலேசியாவில் பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகள் 2007 முதல் சில வருஷம் சமூகத்துக்கு என்ன செய்தோம் என்று எழுதினால் போதும் என்று இருந்தது, ஒன்றும் செய்யவில்லை என்றால் அதையே எழுதலாம். செம்பனைக்கு ஐரோப்பாவில் வாங்குகிறவன் காட்டை அழித்து நட்டதா என்று கேட்கிறான், அதனால் காட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக வரும். பேங்க்காரர்களிடம் அதை அந்த அளவுக்கு யார் கேட்கிறார்கள்?

சரி, என் கதை. ஒரு வருஷம் இந்த அறிக்கைக்காகத் தலைமை ஆபிஸிலிருந்து நிரப்பிக் கொடுக்க ஒரு பாரம் வந்தது. குழாய் இணைப்பு உள்ள வீடுகள் எத்தனை என்று ஒரு கட்டம். எல்லா வீட்டிலும் குழாய் இருந்தது, அப்படியே எழுதினேன். ஆனால் அப்போது லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒரு முறைதான் வரும், என் வீட்டுக்காரி விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து டிரம்மில் பிடித்து வைப்பாள். தண்ணீர் வருகிறதா என்று கேட்க அந்தப் பாரத்தில் கட்டமே இல்லை. அப்புறம் வழவழ தாளில் அந்த அறிக்கை புத்தகமாக வந்தது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகப்பை கொடுக்கும் படத்துக்குப் பக்கத்திலேயே, தொழிலாளர் வீடுகள் அனைத்துக்கும் குழாய் வசதி என்று, சமூகத்துக்குச் செய்த உதவி என்ற தலைப்பில். வீடு கொடுக்கிற தோட்ட முதலாளி குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது 1990ஆம் வருஷச் சட்டம் ஐயா! அது எப்படி உதவி ஆகும்?

சம்பளம் வாங்கும்போது வாயை மூடிக்கொண்டிருந்தாயே என்று யாராவது வருவீர்கள். மேனேஜரிடம் சொன்னேன், கேட்டதற்கு மட்டும் எழுது என்றார். மூன்று பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த நேரம். எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் என்றும் நான் சொல்லவில்லை, புத்தகப்பை உண்மையாகவே கொடுத்தார்கள், நல்ல பைதான்.

இதைவிட வயிற்றெரிச்சல், தோட்டத்துக்குள் வந்துகொண்டிருந்த பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். இப்போது கிளினிக் போக பக்கத்து வீட்டுத் தம்பியின் மோட்டார் சைக்கிளுக்குக் காத்திருக்கிறேன். அதற்கும் எந்த அறிக்கையிலும் கட்டம் கிடையாது.