‘எம்மை’ என்ற சொல்

மதிப்பிற்குரிய ஐயா,

எங்களுக்குத் திருமணமாகி 11 ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தியானப் பயிற்சியில் சேர்ந்த என் கணவர், அதன்பின் தனி அறையில் படுக்கத் தொடங்கினார். நல்லவர்தான், கோபம்கூடக் குறைந்திருக்கிறது. ஆனால் நான் நெருங்கினால், “இதையெல்லாம் நான் கடந்துவிட்டேன், நீயும் கடக்க வேண்டும்” என்கிறார். நாள்தோறும் விளக்கேற்றித் தேவாரம் படிக்கிறவள் நான். கணவரின் அணைப்பை விரும்புவதால் என் பக்தி குறைந்ததாகிவிடுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ஆகாது. மண்ணில் நல்ல வண்ணம் வாழ்வதைப் பாடிய சம்பந்தர், அதே பாட்டில் கழுமலத்து இறைவனைப் ‘பெண்ணின் நல்லாளொடும்’ இருப்பவனாகவே காட்டுகிறார் என்பது தேவாரம் படிக்கும் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பெரியபுராணத்துத் திருநீலகண்டரே நினைவுக்கு வந்தார். தில்லையில் அடியார்களுக்குத் திருவோடு வனைந்து கொடுத்த அந்தக் குயவர் பரத்தையிடம் சென்று திரும்பியபோது, மனம் புண்பட்ட மனைவி, “தீண்டுவீராயின் எம்மைத் திருநீலகண்டம்” என்று ஆணையிட்டார். ‘எம்மை’ என்று பன்மையில் சொன்னதால், மற்ற மாதரையும் இனி மனத்தினாலும் தீண்டேன் என்று அவர் உறுதி பூண்டார். அன்று முதல் முதுமை வரை இருவரும் ஒரே வீட்டில், அயலார் அறியாதபடி, தொடாமல் வாழ்ந்தார்கள்.

இதைத் துறவின் பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்களிடம் இல்லாமற்போனதைச் சேக்கிழார் ‘அற்புறு புணர்ச்சி’ என்கிறார். அன்போடு கூடிய புணர்ச்சி என்று பொருள்படும் அந்தச் சொல்லில் இகழ்ச்சியின் நிழல்கூட இல்லை. நாயனாரின் பெருமை, காயப்பட்ட ஒரு பெண்ணின் மறுப்பை இறைவன் பெயரால் வந்த ஆணையாகவே ஏற்று, அவள் கேட்டதற்கும் மேலாக அதைக் காத்ததில் இருக்கிறது. தாம்பத்தியத்தில் ஆன்மிகத்துக்கு இடம் எதுவென்று கேட்டால், துணையின் சொல்லுக்கு இப்படிச் செவிகொடுக்கும் அந்த இடத்தையே நான் காட்டுவேன். அது ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கும் பொருந்தும், உங்களுடைய ‘வேண்டும்’ என்ற சொல்லுக்கும் பொருந்தும்.

விலகியிருப்பதே தவறென்று நான் சொல்லவில்லை. ஐயப்பனுக்கு மாலையிட்டு 41 நாள் விரதமிருக்கும் வீட்டில் அது இருவரும் அறிந்து ஏற்பது, எல்லை உடையது. பைபிளில், பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்திலும், தம்பதியர் ஜெபத்துக்காகப் பிரிந்திருப்பதானால் இருவரும் சம்மதித்துச் சிறிது காலம் மட்டுமே பிரிந்திருந்து, பின் மறுபடியும் கூட வேண்டும் என்றுதான் இருக்கிறது. உங்கள் கணவரோ தாமே முடிவெடுத்துவிட்டு, உங்களையும் பின்தொடரச் சொல்கிறார். அவருடைய தியானத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால், உடன்வாழ்பவளின் ஏக்கத்தைக் கீழானதாகப் பார்க்கக் கற்றுத்தரும் பயிற்சியை ஆன்மிகம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. சில வேளைகளில் உடல்நலக் குறைவோ, சொல்லாத மனத்தாங்கலோ இப்படித் தத்துவமாக வெளிப்படுவதும் உண்டு. அப்படியானால் மருத்துவரையோ ஆலோசகரையோ இருவருமாகப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம்.

அவரிடம் இறைஞ்சவும் வேண்டாம், வாதிடவும் வேண்டாம். “நீங்கள் கடந்து சென்றபோது என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே” என்பதை மட்டும் அமைதியான ஒரு நேரத்தில் சொல்லுங்கள். முடிந்தால் அந்தப் புராணத்தின் பிற்பகுதியை இருவரும் சேர்ந்து படியுங்கள். சிவயோகியாக வந்த இறைவன், தாம் கொடுத்துவைத்த ஓட்டைத் திருடவில்லை என்று மனைவியின் கைபிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்யச் சொல்கிறார். முதியவர்கள் இருவரும் ஒரு மூங்கில் கோலின் இரு முனைகளைப் பிடித்தபடி இறங்குகிறார்கள். கோல் போதாது, கையையே பிடிக்க வேண்டும் என்று யோகி வற்புறுத்தும்போதுதான், இத்தனை ஆண்டுகள் மறைத்து வைத்ததை நாயனார் ஊரறியச் சொல்கிறார். அதைச் சொல்லி மூழ்கிய பிறகே இருவரும் இளமையோடு கரையேறுகிறார்கள்.