பால் பல்லை பேங்கில் போடலாமா, ஓட்டு மேல் எறியலாமா?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் அம்மா கேட்கிறார்: 6 வயது மகனுக்குக் கீழ்ப்பல் ஆடுகிறது. விழுகிற பல்லைப் பணம் கட்டிச் சேமித்தால் அதிலுள்ள ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூல செல்) பிற்காலத்தில் எந்த நோய்க்கும் உதவும், தாத்தாவின் சுகர்கூட குணமாகும் என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனாராம். ஆச்சியோ சாணியில் உருட்டி ஓட்டு மேல் எறியச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

ஆச்சி பேச்சைக் கேளுங்கள்.

வந்தவர் முழுப்பொய் சொல்லவில்லை. பால் பல்லுக்குள் இருக்கும் கூழில் ஸ்டெம் செல் உண்டு என்பதை 2003-இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். அந்தக் குழுவிலிருந்த சோங்டாவோ ஷி தேட ஆரம்பித்ததே தன் மகளின் விழுந்த பல்லில்தான். 2018-இல் சீன மருத்துவர்கள், அடிபட்டு உள்ளே செத்துப்போன முன்பல்லில் அந்தந்தப் பிள்ளையின் பால் பல் செல்லையே வளர்த்து வைத்தார்கள். நின்றுபோன வேர் வளர்ந்தது, பல்லில் உணர்ச்சியும் வந்தது. பெரிய விஷயம்தான். ஆனாலும் அது ஆராய்ச்சி. இங்கே போய்க் காசு கட்டி வாங்குகிற வைத்தியம் இல்லை.

தாத்தாவின் சுகருக்கு இதில் மருந்து கிடையாது. ரத்தப் புற்றுநோய்க்கும் ஆகாது; அதற்கு ரத்தத்தை உண்டாக்கும் செல் வேண்டும், பல்லில் இருப்பது அந்த வகை அல்ல. தொப்புள்கொடி ரத்தம் தவிர, பல் உட்பட வேறெதையும் வணிகமாகச் சேமிக்க அனுமதியில்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலே சொல்கிறது. வந்தவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்!

பல் விழுந்ததும் திருப்பிப் பாருங்கள். வேர் கரைந்து, அடியில் சின்னக் கிண்ணம் மாதிரி குழிந்திருக்கும். அதில் சிவப்பாக ஒரு துணுக்கு ஒட்டியிருந்தால் அதுதான் கூழ். பல நேரம் அதுவும் இருக்காது. டவுசர் பையில் கிடந்து காய்ந்த பல் என்றால் ஓட்டுக்குத்தான் லாயக்கு.

அப்புறம், கேட்காத ஒன்று. நிலைத்த பல்லின் வேரைச் சுற்றியுள்ள சவ்விலும் ஸ்டெம் செல் உண்டு. பையன் வளர்ந்து, ஆற்றுப் படித்துறையில் வழுக்கி முன்பல் வேரோடு தெறித்தால், வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுங்கள். தேய்த்துக் கழுவாதீர்கள். பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போனால் திரும்பப் பொருத்த நல்ல வாய்ப்புண்டு. தெறித்தது பால் பல் என்றால் செருகவே கூடாது. அடியில் வளரும் பல்லைக் கெடுத்துவிடும்.