பயாப்சியும் புலனச் செய்தியும்

கேள்வி: தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அம்மாவுக்கு மார்பில் கட்டி இருக்கிறது. ஈப்போ மருத்துவமனையில் பயாப்சி (ஊசியால் கட்டியின் திசுவை எடுத்துச் சோதிப்பது) செய்ய நாள் கொடுத்திருக்கிறார்கள். ஊசி குத்தினால் புற்றுநோய் பரவிவிடும் என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்த செய்தியைக் காட்டி மாமா தடுக்கிறார். ‘மால்’ என்னும் அரசாங்கப் பதிவு எண் உள்ள டுரியான் பெலாண்டா (முள்சீத்தா) இலை மருந்தையும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். எதை நம்புவது?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, அம்மாவுக்குப் புற்றுநோய் என்று இன்னும் எவரும் சொல்லவில்லை. மார்பில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. இது எந்த வகை என்பதை உறுதிசெய்யத்தான் பயாப்சி. பயாப்சியால் நோய் பரவி ஆயுள் குறைகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. நோய் முற்றிய பிறகே பெரிய மருத்துவமனைக்குப் போய், கத்தி வைத்த சில மாதங்களில் இறந்தவர்களைத் தோட்டத்து மக்கள் பார்த்திருக்கிறார்கள். தாமதத்தின் மீது விழவேண்டிய பழி கத்தியின் மீதும் ஊசியின் மீதும் விழுந்துவிட்டது.

டுரியான் பெலாண்டா இலைச்சாறு ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த புற்றணுக்களைக் கொன்றது உண்மைதான். அந்தத் தட்டில் வினிகரை ஊற்றினாலும் அவை சாகும். மனிதர்களின் புற்றுநோயை அது குணப்படுத்தும் என்று எந்தச் சோதனையும் நிறுவவில்லை. மாறாக, அதிலுள்ள அனோனாசின் என்னும் பொருள் நரம்பணுக்களைப் பாதிக்கக்கூடியது; அந்தப் பழத்தையும் இலைத் தேநீரையும் வழக்கமாக உட்கொண்டவர்களிடம் பார்க்கின்சன் நோயை ஒத்த பாதிப்புகளைக் கண்டதாகக் கரீபியத் தீவான குவாடலூப்பின் மருத்துவர்கள் 1999-இல் எழுதினார்கள்.

செடிகளில் மருந்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. கோயில் முற்றத்தில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து பிரித்தெடுத்த வின்கிரிஸ்டின் இன்றும் இரத்தப் புற்றுநோய்க்கு ஊசியாகப் போடப்படுகிறது. ஆனால் அது அளவு வகுத்து, நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்த மருந்து. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனைச் சிகிச்சையை விட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நாடிய மார்பகப் புற்றுநோயாளிகள் இறக்கும் அபாயம் ஐந்து மடங்குக்கும் மேலாக இருந்தது.

‘மால்’ எண்ணைக் கண்டு ஏமாறுபவர்கள் நம்மில் அதிகம். பாரம்பரிய மருந்துகளுக்கு ‘டி’ என்னும் எழுத்தில் முடியும் அந்த எண், சுகாதார அமைச்சு மருந்தின் பாதுகாப்பையும் தரத்தையும் பார்த்திருக்கிறது என்பதற்கு அடையாளமே தவிர, நோயைக் குணப்படுத்தும் என்பதற்கு உத்தரவாதம் அன்று. புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு மருந்தை விளம்பரம் செய்வதை நம் மலேசியாவின் 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடைசெய்கிறது. ஆகவே, அப்படி ஒரு வாசகம் போத்தலில் இருந்தால் அதுவே சந்தேகப்படப் போதுமான காரணம்.

மாமாவைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். உடன்பிறந்தவள் மீதுள்ள பாசத்தால்தான் அவர் தடுக்கிறார். குறித்த நாளில் அவரையும் ஈப்போவுக்கு அழைத்துச் சென்று, அந்தச் செய்தியை மருத்துவரிடமே காட்டிக் கேட்கச் சொல்லுங்கள். இலை மருந்தை இப்போதே நிறுத்திவிட்டு, போத்தலையும் கையோடு கொண்டு செல்லுங்கள். அம்மா என்ன குடித்தார், எத்தனை நாள் குடித்தார் என்பது மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.